மூழ்கிய நெல்லுக்குச் சேதி சொல்வது யார்?

குத்தாலம் என்றதும் பலருக்கு அருவிதான் நினைவுக்கு வரும். அது தென்காசிப் பக்கத்துக் குற்றாலம். இது காவிரிக்கரைக் குத்தாலம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் வழியில் ஆடுதுறையைத் தாண்டினால் வருவது. 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம் மாவட்டம், 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம். மாவட்டத்தின் பெயர் இரண்டு முறை மாறினாலும் ஊரின் தொழில் மாறவில்லை. நெல்!

இந்தப் பக்கத்து விவசாயிக்கு ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வயிற்றில் நெருப்பு. சம்பா தூர் கட்டி நிற்கும். தாளடி அப்போதுதான் நட்டு வேர் பிடித்திருக்கும். அந்த நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழை கொட்டும். 2022 நவம்பர் 11 அன்று அருகிலுள்ள சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பெய்தது. வயல் எது, வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியாத அளவுக்கு வெள்ளம். இளம் பயிர் முழுதாக மூழ்கினால் ஒரு வாரம், பத்து நாள்தான் கணக்கு. அதற்குள் நீர் வடிய வேண்டும். வடியாவிட்டால் அழுகல் நாற்றம்தான் மிஞ்சும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே, அது ஏன் தண்ணீரில் சாக வேண்டும்? நெல் தண்ணீரில் நிற்கும், ஆனால் மூச்சு விடுவது காற்றில். இலையும் தண்டும் வெளியே இருக்கும்வரை, உள்ளே ஓடும் மெல்லிய காற்றுக் குழாய்கள் வழியாக ஆக்சிஜன் வேர்வரை இறங்கும். தலை மூழ்கிவிட்டால் அந்தக் குழாயின் வாய் அடைபடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். வெள்ளம் கலங்கலாக இருந்தால் வெளிச்சமும் இல்லை, ஒளிச்சேர்க்கையும் இல்லை. ஆக்சிஜன் இருக்கும்போது ஒரு சர்க்கரை மூலக்கூறிலிருந்து சுமார் 30 பங்கு ஆற்றல் எடுக்கும் செல், ஆக்சிஜன் இல்லாதபோது வெறும் 2 பங்குதான் எடுக்க முடியும். கையிருப்பு மாவுச்சத்து கரைந்துகொண்டே போகும்.

ஆக, மூழ்கிய செல் உடனே தன் நடப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். எதை நிறுத்துவது, எதை ஓட்டுவது, சேமிப்பை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்பதே அதற்கு எப்படித் தெரியும்? செல்லுக்கு மூக்கு இல்லை. சேதி கொண்டுவருவது யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் முதலில் கிடைத்தது வயலில் அல்ல, மனித இரத்தத்தில். அதுவும் தேடிப் போய்க் கிடைத்ததல்ல. கோபால்ட் என்ற உலோகம் வழியாக, ஏறக்குறைய தற்செயலாகக் கிடைத்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் நெல்லின் கதையைச் சொல்ல முடியாது.

1890ல் வியோ என்ற பிரெஞ்சு மருத்துவர் பெரு நாட்டின் மொரோகோச்சா என்ற சுரங்க ஊருக்கு ஏறினார். உயரம் 4,000 மீட்டருக்கும் மேல். அங்கே தன் இரத்தத்தையே எடுத்துச் சிவப்பணுக்களை எண்ணினார். கீழே இருந்தபோது ஒரு கன மில்லிமீட்டருக்கு 50 லட்சம். மூன்று வாரத்துக்குள் அது 70 லட்சத்தைத் தாண்டி 80 லட்சத்தைத் தொட்டுவிட்டது. மெல்லிய காற்றை உடம்பு உணர்ந்து கூடுதல் ஆட்களை வேலைக்கு எடுத்திருக்கிறது! 1906ல் கார்னோ, தெஃப்லாந்தர் என்ற இருவர் இதற்குப் பின்னால் இரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு தூதுப்பொருள் இருக்க வேண்டும் என்றார்கள். அதுதான் பின்னாளில் எரித்ரோபாய்டின் என்று பெயர் பெற்றது.

1929ல் வால்ட்னர், வால்ட்னர் என்று இருவர் பெயரில் ஓர் ஆய்வு வெளிவந்தது. எலிகளுக்குக் கோபால்ட் கொடுத்தார்கள். எலிகள் மலை ஏறவில்லை. அவற்றுக்குக் காற்றும் குறையவில்லை. ஆனாலும் அவற்றின் சிவப்பணுக்கள் மலை ஏறியவனுக்குப் போல் பெருகின. இன்று பார்த்தால் இந்தத் துறையின் மிகப் பெரிய துப்பு அதுதான். அப்போது யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. "கோபால்ட் கொடுத்தால் இரத்தம் ஊறும்" என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1940களிலும் 50களிலும் இரத்தசோகைக்குக் கோபால்ட் கலந்த டானிக்குகள் விற்பனைக்கு வந்தன. சில குழந்தைகளுக்குத் தைராய்டு வீங்கியது. (வைட்டமின் பி12-க்குள்ளும் கோபால்ட் இருக்கிறது. அது வேறு கதை. அங்கே கோபால்ட் ஒரு கூட்டுக்குள் பத்திரமாக அடைபட்டிருக்கிறது, தனி அயனியாக ஊர் சுற்றுவதில்லை.) 1965-66ல் கனடாவின் கியூபெக் நகரில் பீரின் நுரை நிலைத்து நிற்கக் கோபால்ட் உப்பைச் சேர்த்தார்கள். நிறையக் குடித்தவர்களின் இதயத் தசை கெட்டு, சுமார் 20 பேர் இறந்தார்கள். டானிக்குகளின் காலமும் முடிந்துபோனது.

மருந்தாகத் தோற்ற கோபால்ட் ஆய்வுக்கூடத்தில் ஜெயித்தது. 1950களின் இறுதியில் சிகாகோவில் கோல்ட்வாசர் குழுவினர், கோபால்ட் கொடுத்த எலிகளின் இரத்தத்தில் எரித்ரோபாய்டின் ஏறுவதைக் காட்டினார்கள். கோல்ட்வாசர் அதன் பிறகும் விடவில்லை. ஜப்பானில் மியாகே என்ற மருத்துவர் நோயாளிகளிடமிருந்து சேர்த்துக் கொடுத்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து அந்தத் தூதுப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். வருடம் 1977. இருபது வருட வேலை, கைக்குக் கிடைத்தது சில மில்லிகிராம். இப்படியும் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

1988ல் கோல்ட்பர்க், டன்னிங், பன் மூவரும் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, காற்றோட்டம் நன்றாக இருக்கும்போதே கோபால்ட் சேர்த்தார்கள். நிக்கல், மாங்கனீசு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். செல்கள் மூச்சு முட்டுவது போலவே நடந்துகொண்டு எரித்ரோபாய்டின் மரபணுவை இயக்கின. இந்த உலோகங்கள் எல்லாம் இரும்புக்கு அளவிலும் குணத்திலும் பங்காளிகள். எனவே ஆக்சிஜனை உணரும் உறுப்பில் இரும்பு இருக்க வேண்டும், அதன் இடத்தைக் கோபால்ட் பிடித்துக்கொள்கிறது என்று ஊகித்தார்கள். ஹீமோகுளோபினில் இருப்பது போன்ற 'ஹீம்' இரும்பு என்பது அவர்கள் எண்ணம். உலோகம் சரி, அது உட்கார்ந்திருக்கும் இடம் தவறு.

1992ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செமென்சாவும் வாங்கும் எரித்ரோபாய்டின் மரபணுவை எழுப்பும் புரதத்தைக் கண்டார்கள். பெயர் எச்.ஐ.எஃப். அடுத்த வருடமே இன்னொரு சோதனை. டெஸ்ஃபெரியாக்சமின் என்று ஒரு மருந்து உண்டு. தலசீமியா நோயாளிகளின் உடம்பில் சேர்ந்துபோகும் அதிக இரும்பைக் கவ்வி வெளியேற்றக் கொடுப்பது. அதைச் செல்லில் விட்டு இரும்பை எடுத்துவிட்டால்? அப்போதும் எச்.ஐ.எஃப். தலைதூக்கியது!

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்சிஜனைக் குறைத்தால் எச்சரிக்கை மணி அடிக்கிறது. ஆக்சிஜன் இருந்து, இரும்பின் இடத்தில் கோபால்ட் வந்தாலும் அடிக்கிறது. ஆக்சிஜன் இருந்து, இரும்பை உருவிவிட்டாலும் அடிக்கிறது. அப்படியானால் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து எதையோ செய்து அந்த மணியை அடிக்காமல் அமுக்கி வைத்திருக்கின்றன.

அந்த 'எதையோ' 2001ல் தெரிந்தது. கேலின் குழுவும் ராட்கிளிஃப் குழுவும் ஒரே நேரத்தில் வெளியிட்டார்கள். செல் எச்.ஐ.எஃப். புரதத்தை எப்போதும் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. கூடவே ஒரு நொதி அதன் மேல் ஓர் ஆக்சிஜன் அணுவை ஒட்டி முத்திரை குத்திக்கொண்டே இருக்கிறது. முத்திரை விழுந்த புரதத்தைச் செல் சில நிமிடங்களில் நொறுக்கிவிடும். முத்திரை குத்தும் நொதியின் நடுவில் ஒரே ஓர் இரும்பு அயனி. ஆக்சிஜன் வந்து ஒட்டுவது அந்த இரும்பில்தான். ஆக்சிஜன் வரவில்லை என்றால் முத்திரை இல்லை, முத்திரை இல்லை என்றால் எச்.ஐ.எஃப். பிழைத்து, அவசரகால மரபணுக்களை எழுப்பிவிடும்.

டெல்டாக்காரர்களுக்கு இதை ஒரு மதகோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். மதகில் ஒரு லஸ்கர் நிற்கிறார். வரும் படகுகளை எல்லாம் அவர் உடைத்துப்போட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் கையில் இருக்கும் கோடரி ஆக்சிஜன். கோடரி கிடைக்காத அன்று படகுகள் ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிடும். இரும்புதான் அந்த லஸ்கர். கோபால்ட் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் வேலை தெரியாத ஆள். (கோபால்ட்டின் குறும்பு அதோடு நிற்பதில்லை. அந்த இரும்பை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்க வைட்டமின் சி வேண்டும். கோபால்ட்டும் நிக்கலும் செல்லுக்குள் அதையும் தீர்த்துவிடுகின்றன என்று 2004ல் காட்டப்பட்டது.)

செமென்சா, கேலின், ராட்கிளிஃப் மூவருக்கும் 2019ல் மருத்துவ நோபல் பரிசு. அதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய டெசிடுஸ்டாட் என்ற மாத்திரைக்கு 2022 மார்ச்சில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தசோகைக்கு அது மருந்து. அது செய்வதும் இதையேதான், அந்த இரும்பு நொதியின் கையைக் கட்டிப்போடுவது. 1940களின் டானிக் கண்ணை மூடிக்கொண்டு செய்ததை இந்த மாத்திரை குறி பார்த்துச் செய்கிறது.

சரி, நெல்லுக்கு வருவோம்.

தாவரங்களில் எச்.ஐ.எஃப். இல்லை. தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஆகவே தாவரக் கதை தனியாகத் தொடங்கியது, அதுவும் வேறொரு உலோகத்தில். 1994ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சுப்பையா என்ற இந்திய ஆய்வாளரும் சாக்ஸும் மக்காச்சோளச் செல்களில் ஆக்சிஜனை நிறுத்திப் பார்த்தார்கள். சில நிமிடங்களிலேயே செல்லுக்குள் கால்சியம் அயனி ஏறியது. செல் சாதாரணமாகத் தன் உட்பகுதியில் கால்சியத்தை வெளியில் இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவாக வைத்திருக்கும். அவ்வளவு அமைதியான இடத்தில் கொஞ்சம் கால்சியம் நுழைந்தாலும் அது ஊர் முழுக்கக் கேட்கும் வெடிச்சத்தம் போன்றது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் ஆக்சிஜன் இல்லாமல் பிழைக்க உதவும் மரபணுக்கள் விழித்தன.

சத்தம் முதலில், விழிப்பு பிறகு என்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. எனவே ருத்தேனியம் ரெட் என்ற சாயத்தைச் சேர்த்துக் கால்சியத்தின் வழியை அடைத்தார்கள். மரபணுக்கள் விழிக்கவில்லை. அப்படி அடைக்கப்பட்ட நாற்றுகள், ஆக்சிஜன் இல்லாமல் இருந்துவிட்டு வெளியே வந்தபோது பிழைக்கவும் இல்லை. கூடவே கால்சியம் கொடுத்தால் பிழைத்தன. மறுபக்கமும் சோதித்தார்கள். காற்று தாராளமாக இருக்கும்போதே காஃபீனைக் கொடுத்துக் கால்சியத்தை ஏற்றினால், செல் மூழ்கியது போல நடந்துகொண்டது. ஆம், நம் காப்பியில் இருக்கும் அதே காஃபீன்தான்! எலிக்குக் கோபால்ட் செய்ததை மக்காச்சோளத்துக்குக் காஃபீன் செய்தது.

நெல்லில் இது இன்னும் சுவாரசியமானது. கோதுமை, பார்லி விதைகள் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் முளைக்காது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் நொதியை அவற்றால் அங்கே தயாரிக்க முடியாது. நெல் தயாரிக்கும். எப்படி என்பதை 2009ல் தைவான் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கால்சியத்தை உணரும் புரதங்களோடு கூட்டாக வேலை செய்யும் ஒரு நொதி (சி.ஐ.பி.கே. 15 என்று பெயர்) ஆக்சிஜன் குறையும்போது முடுக்கப்பட்டு, அமைலேஸ் தயாரிப்பைத் தொடங்கிவைக்கிறது. அந்த நொதி இல்லாத நெல் தண்ணீருக்கடியில் முளைத்து மேலே வர முடியாமல் திணறுகிறது. தண்ணீர் கட்டிய நாற்றங்காலில் பச்சை ஊசி போல் முளை எட்டிப் பார்ப்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். புல் குடும்பத்தின் மற்றத் தானியங்களுக்கு அது வராத வித்தை.

ஆனால் கால்சியம் மணி அடிக்குமே தவிர ஆக்சிஜனை அளக்காது. உப்புக்கும் வறட்சிக்கும் குளிருக்கும்கூட அதே மணிதான். ஆக்சிஜனையே நேராகத் தொட்டுப் பார்க்கும் ஆள் யார்? 2011ல் நாட்டிங்காமைச் சேர்ந்த குழு ஒன்றும் ஜெர்மனியில் இயங்கிய குழு ஒன்றும் இதற்குப் பாதிப் பதிலைத் தந்தன. தாவரத்தில் மூழ்கல் கால மரபணுக்களை எழுப்பும் புரதங்களின் நுனியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஆக்சிஜன் இருந்தால் அந்த நுனி ஆக்சிஜனேற்றம் அடைந்து, புரதம் நொறுக்கப்படுகிறது. இல்லாவிட்டால் புரதம் பிழைக்கிறது. மீதிப் பதில் 2014ல் வந்தது. நுனியில் ஆக்சிஜனை ஏற்றும் நொதியைப் பிடித்தார்கள். அதன் நடுவில் உட்கார்ந்திருந்தது... இரும்பு!

புரதம் வேறு, நொதி வேறு, ஒட்டப்படும் இடம் வேறு. ஆனால் மதகில் நிற்பது அதே லஸ்கர். 2019ல் ராட்கிளிஃபும் இடம்பெற்ற ஒரு குழு, தாவரத்தின் இந்த நொதிக்கு உறவான ஒன்று மனித செல்லிலும் இருக்கிறது, அதுவும் ஆக்சிஜனை உணர்கிறது என்று காட்டியது. அதாவது நம் உடம்பில் இரண்டு லஸ்கர்கள். அதில் ஒருவர் நெல்லுக்கும் நமக்கும் பொது.

ஏன் எல்லா இடத்திலும் இரும்பு? அதற்குப் பதிலை வயலிலேயே பார்க்கலாம். நட்டுச் சில வாரம் ஆன நெற்பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். வேர் வெள்ளையாக இருக்காது, துரு நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். நீர் கட்டிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும், அங்குள்ள பாக்டீரியாக்கள் மூச்சு விடுவதற்கு ஆக்சிஜனுக்குப் பதில் மண்ணின் இரும்பைப் பயன்படுத்துகின்றன. அப்போது மூன்று மின்னேற்றமுள்ள இரும்பு இரண்டு மின்னேற்றமுள்ளதாக மாறித் தண்ணீரில் கரைகிறது. அது வேரை நெருங்கும்போது, வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் பட்டு மறுபடி துருவாகிப் படிகிறது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஒரு நிலை, இல்லாத இடத்தில் இன்னொரு நிலை என்று இரண்டு பக்கமும் எளிதாகத் தாவக்கூடிய உலோகம் இரும்பு. ஆக்சிஜனைத் தொட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். வேருக்கு வெளியே சேற்றில் நடப்பதன் நுணுக்கமான பதிப்புதான் செல்லுக்குள் நடக்கிறது.

மூன்றாவது ஓர் உலோகமும் உண்டு, செம்பு. வாழைத்தாரை மூட்டம் போட்டால் பழுக்கிறது அல்லவா? புகையில் இருக்கும் எத்திலீன் வாயுவின் வேலை அது. எல்லாத் தாவரமும் தானாகவே கொஞ்சம் எத்திலீனை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். மூழ்கிய செடியிலிருந்து அது வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கும். அதை உணரும் புரதத்தில் எத்திலீன் வந்து ஒட்டும் இடத்தில் இருப்பது செம்பு அயனி என்று 1999ல் தெரிந்தது. ஆக, 'தண்ணீருக்குள் இருக்கிறோம்' என்று நெல்லுக்குச் செம்பு சொல்கிறது, 'மூச்சுக் குறைகிறது' என்று இரும்பு சொல்கிறது, 'அவசரம்' என்று கால்சியம் கத்துகிறது.

சேதி கேட்ட நெல் என்ன செய்யும் என்பதில்தான் வாழ்வும் சாவும். பெரும்பாலான நெல் வகைகள் எத்திலீன் சொன்னதும் விறுவிறுவென்று உயரும், தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிவிடலாம் என்று. ஆழநீர் நெல்களுக்கு இது கைகொடுக்கும். சில வகைகள் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் வளரும். ஆனால் குள்ள ரகங்களுக்கு இது தற்கொலை. மிச்சமிருக்கும் மாவுச்சத்தை எல்லாம் நீள்வதில் செலவழித்துவிட்டு, நீர் வடிந்ததும் நூல் போல் சாய்ந்து விழும். குத்தாலம் வட்டாரத்தில் வெள்ளம் வடிந்த வயலில் பயிர் பாய் விரித்தது போல் படுத்துக் கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு நேர்மாறாக நடக்கும் ஒரு நெல் ஒடிசாவில் இருந்தது. தளபுட்டியா என்பது அதன் நாட்டுப் பெயர். அதிலிருந்து தேர்ந்தெடுத்த வகைக்கு எஃப்.ஆர். 13ஏ என்று பெயர். வெள்ளம் வந்தால் அது வளர்வதை நிறுத்திவிட்டுப் படுத்துத் தூங்கிவிடும். இரண்டு வாரம் கழித்து நீர் வடிந்ததும் எழுந்துகொள்ளும். 1996ல் ஜூவும் மேக்கிலும் இந்தக் குணம் 9ஆம் குரோமோசோமில் ஓரிடத்தில் இருப்பதைக் கண்டார்கள். 2006ல் அந்த மரபணு தனியாகப் பிடிபட்டது. பெயர் சப்-1ஏ.

இங்கேதான் இரும்புக் கதை நெல் வயலோடு வந்து முட்டுகிறது. சப்-1ஏ தரும் புரதமும் நுனியில் சிஸ்டீன் உள்ள அதே குடும்பத்தைச் சேர்ந்தது. வழக்கப்படி ஆக்சிஜன் இருந்தால் இரும்பு லஸ்கர் அதை நொறுக்கவைக்க வேண்டும். ஆனால் இது அவர் கைக்குச் சிக்குவதில்லை! 2011லேயே இது கவனிக்கப்பட்டது. அந்தப் புரதத்தின் வால் பகுதி சுருண்டு நுனியோடு சேர்ந்துகொள்வதுதான் இதற்குக் காரணம் என்று பின்னால் விளக்கம் கிடைத்தது. மற்ற வகைகளில் ஆக்சிஜன் அளவு ஏறி இறங்க, புரதமும் இருந்தும் இல்லாமலும் போகும். சப்-1ஏ-யோ எத்திலீன் அழைத்து ஒருமுறை வந்துவிட்டால் நிலைத்து நின்று, 'நீளாதே, சேமித்து வை' என்ற கட்டளையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடிவாதம்தான் இரண்டு வாரத் தாக்குப்பிடித்தல்.

இந்த மரபணு சேர்ந்த ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009ல் வெளியானது. காவிரி டெல்டாவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தது சி.ஆர். 1009. நம் ஊரில் பொன்மணி என்று சொன்னால்தான் தெரியும். கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்து, 1982ல் ஒடிசாவில் சாவித்ரி என்ற பெயரில் வெளியான ரகம் அது. முன்பே ஒடிசாவிலிருந்து வந்து டெல்டாவில் குடியேறிய நெல்லுக்கு, அதே ஒடிசாவிலிருந்து இன்னொரு சொத்தும் வந்து சேர்ந்தது. அதன் பெயர் சி.ஆர். 1009 சப்-1.

ஒடிசாவுக்கு தளபுட்டியா என்றால் நமக்கும் மடுமுழுங்கி போன்ற பெயர்கள் இருந்தன. பெயரிலேயே வெள்ளம் இருக்கிறது. இப்படிப்பட்ட நெல்களைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிமேடு 'நெல்' ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து சேர்த்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது அவர் மீட்டவை 170க்கும் மேல். தளபுட்டியாவுக்குக் கிடைத்த மரபணு ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்கு இவற்றுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

உழவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த உலோகம் ஒன்று உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு ஏக்கருக்கு 1 கிலோ சிங்க் சல்பேட், 2 கிலோ யூரியா, 200 லிட்டர் தண்ணீர் என்று கலந்து தெளிக்கச் சொல்வது வேளாண் துறையின் வழக்கம். யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஒரு நாள் வைத்திருந்து மேலுரமாகப் போடச் சொல்வதும் உண்டு. ஜிப்சத்தில் கால்சியம் இருக்கிறதே, அதுதான் செல்லுக்குள் மணி அடிக்கிறதா என்று கேட்கத் தோன்றும். இல்லை. அந்த மணிக்கு வேண்டிய கால்சியம் செல்லின் சொந்தக் கிடங்குகளிலேயே தயாராக இருக்கிறது. மூழ்கும் நேரத்தில் வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போடத் தேவையில்லை. துத்தநாகம் கொடுப்பதற்கும் காரணம் வேறு. நீர் கட்டிய மண்ணில் அது வேருக்கு எட்டாத வடிவத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

சப்-1 எல்லா வெள்ளத்துக்கும் மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. முழுதாக மூழ்கி இரண்டு வாரத்துக்குள் வடியும் வெள்ளத்துக்குத்தான் அது. முழங்கால் அளவு நீர் மாதக் கணக்கில் தேங்கி நிற்கும் தாழ்வான வயலில் 'நீளாதே' என்ற கட்டளையே பகை. அங்கே கொஞ்சம் உயர்ந்து வளரும் நெல்தான் பிழைக்கும். பூக்கும் தறுவாயிலும் கதிர் முற்றிய பிறகும் மூழ்கினால் சப்-1 அநேகமாக உதவாது. பொன்மணிக்கு வயது 150 நாளுக்கு மேல் என்பதால், தண்ணீர் தாமதமாக வரும் வருடங்களில் கடைமடை விவசாயி அதை எடுக்கவே யோசிப்பார்.

நேரடி விதைப்புக்குக் கேள்வி வேறு. விதைத்த மறுநாள் மழை கொட்டிச் சேறு மூடினால், விதைக்கு வேண்டியது தூக்கம் அல்ல, வேகம். ஜப்பானில் விதையின் மேல் கால்சியம் பெராக்சைடைப் பூசிப் பார்த்தார்கள். சேற்றுக்குள் அது மெல்ல ஆக்சிஜனை வெளிவிடும். செலவு அதிகம். மியான்மரின் காவ் ஹ்லான் ஆன் என்ற நாட்டு நெல்லோ எந்தப் பூச்சும் இல்லாமல் சேற்றுக்கடியில் முளைக்கிறது. அதற்குக் காரணமான மரபணு 2015ல் கண்டறியப்பட்டது. மாவுச்சத்தை முளைக்கும் குருத்துக்குத் தாராளமாகத் திருப்பிவிடுவது அதன் வேலை. நாற்றில் சேமிக்கச் சொல்லும் சப்-1ஏ-யையும் விதையில் செலவழிக்கச் சொல்லும் இந்த மரபணுவையும் ஒரே நெல்லில் சேர்த்து, ஒன்றையொன்று தடுக்காமல் வேலை செய்ய வைக்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன.